மதியத்தில் அணையும் சார்ஜர் விளக்குகள்

குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் ஒருவர் கேட்ட கேள்வி இது. மின்வெட்டு நேரத்தில் தறிக்கு மேலே தொங்கவிட, தட்டையான லித்தியம் செல் பொருத்திய விளக்கு ஒன்று வைத்திருக்கிறார். சார்ஜ் ஏறும்போது சிவப்பும், ஏறி முடிந்ததும் பச்சையும் எரியும். சித்திரை பிறந்ததிலிருந்து மதிய நேரத்தில் இரண்டு விளக்குமே அணைந்துவிட்டன. பழுது பார்ப்பவரிடம் கொடுத்தபோது, செல்லின்மேல் ஒட்டியிருந்த மிளகளவுக் கறுப்பு மணியை வெட்டி எறிந்துவிட்டு, அதன் இரண்டு கம்பிகளையும் முறுக்கிப் பற்றவைத்துக் கொடுத்தாராம். அதன்பிறகு மதியத்திலும் சார்ஜ் ஏறியது. மூன்று வாரத்தில் செல் பூரிபோல உப்பிவிட்டது. விளக்கை எரியவிட்டபடியே சார்ஜ் போட்டால் சிவப்பு அணைவதே இல்லை என்றும் எழுதியிருக்கிறார். புதிய செல் வாங்கிப் போட்டால் போதுமா, போர்டையும் மாற்ற வேண்டுமா என்பது அவர் கேள்வி.

முதலில் ஒன்று செய்யுங்கள். உப்பிய செல்லை இன்றே கழற்றுங்கள். ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உள்ளே இருப்பது எரியக்கூடிய வாயு. இரண்டு முனைகளையும் தனித்தனியே இன்சுலேஷன் டேப்பால் சுற்றி, வீட்டுக்கு வெளியே நிழலில் ஒரு மணல் வாளியில் வையுங்கள். குப்பைத் தொட்டியில் போட வேண்டாம். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரியை மற்றக் குப்பையோடு கலக்காமல், அதற்கென்று சேகரிப்பவரிடம்தான் ஒப்படைக்க வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மதியத்தில் இரண்டு விளக்கும் அணைந்தது பழுதே அல்ல. உங்கள் சார்ஜர் தன் வேலையைச் சரியாகச் செய்த நேரம் அதுதான். செல் சூடாகிவிட்டது, இப்போது சார்ஜ் ஏற்ற மாட்டேன் என்று அது சொன்னது. அந்தச் சேதியைப் படிக்கத் தெரியாததால் அதன் வாயைக் கட்டிவிட்டார்கள்.

போர்டில் உள்ள சிப்பில் 4056 என்ற எண் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே ஒரு லித்தியம் செல்லை 4.2 வோல்ட் வரை ஏற்றும் டி.பி. 4056 அது. பவர் பேங்க், டார்ச், பொம்மை என எங்கும் காணப்படுவது. எட்டுக் கால்கள். மூலையில் உள்ள சிறு புள்ளிக்கு அருகில் இருப்பது முதல் கால். அதுதான் வெப்பநிலையைக் கவனிக்கும் கால். மூன்றாவது கால் தரை இணைப்பு, அதாவது சுற்றின் மைனஸ்; நான்காவது ஐந்து வோல்ட் உள்ளே வரும் வழி. எதிர்வரிசையில் ஏழாவது கால் சிவப்பு விளக்கையும், ஆறாவது பச்சையையும் ஆள்கின்றன. சார்ஜ் ஏறும்போது ஏழாவது கால் தரையோடு இணைந்து சிவப்பை எரிய வைக்கும். முடிந்ததும் அது விலகிக்கொள்ள, ஆறாவது கால் பச்சையை எரிய வைக்கும். வெப்பநிலை எல்லை தாண்டினாலோ, உள்ளே வரும் மின்னழுத்தம் போதாவிட்டாலோ இரண்டும் விலகிக்கொள்ளும். இரண்டு விளக்கும் அணையும். செல்லே இல்லாவிட்டால் பச்சை நின்று எரிய, சிவப்பு மினுமினுக்கும்.

பச்சையைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை நம் ஊரில் வேரோடியிருக்கிறது. பச்சை வந்துவிட்டால் செல் நலமாக இருக்கிறது என்று நினைக்கிறோம். பச்சைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். செல் 4.2 வோல்ட்டை எட்டியபிறகு அதற்குள் போகும் மின்னோட்டம் மெல்ல மெல்லக் குறையும். நாம் நிர்ணயித்த அளவில் பத்தில் ஒரு பங்குக்கு அது இறங்கியதும் சிப் சார்ஜை நிறுத்திப் பச்சையைக் காட்டுகிறது. செல் சூடாக இருக்கிறதா, உப்பியிருக்கிறதா என்பதெல்லாம் பச்சைக்குத் தெரியாது. உங்கள் செல் உப்பிக்கொண்டிருந்த மூன்று வாரமும் பச்சை ஒழுங்காகத்தானே எரிந்தது?

சிவப்பு அணையாததற்கும் இதே கணக்குதான் காரணம். சார்ஜ் மின்னோட்டம் ஒரு ஆம்பியர் என்றால், அது 100 மில்லி ஆம்பியருக்கு இறங்கினால்தான் பச்சை வரும். நீங்கள் விளக்கை எரியவிட்டிருக்கிறீர்கள். அது 150 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செல் நிறைந்தபிறகும் சார்ஜர் வழியாக அந்த 150 போய்க்கொண்டே இருக்கும். சிப் முடிவைக் காணவே காணாது. செல்லும் இரவு முழுவதும் 4.2 வோல்ட்டிலேயே பிடித்துவைக்கப்படும். சூட்டோடு நிறைந்த நிலையும் சேர்ந்தால் செல்லுக்கு அதைவிடக் கேடு வேறு இல்லை. சார்ஜ் போடும்போது விளக்கை அணைத்துவிடுங்கள்.

வெட்டி எறியப்பட்ட கறுப்பு மணிக்குப் பெயர் தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். சார்ஜர்களில் பெரும்பாலும் 25 டிகிரி செல்சியஸில் 10 கிலோ ஓம் காட்டும் வகையைத்தான் போடுகிறார்கள். சூட்டுக்குத் தடை எவ்வளவு வேகமாகக் குறையும் என்பதைச் சொல்லும் எண் பீட்டா. பீட்டா 3950 என்று விற்கும் மணியானால் 35 டிகிரியில் ஏறக்குறைய 6.5 கிலோ ஓம், 45 டிகிரியில் 4.4 கிலோ ஓம். இதைத் தெரிந்துகொள்ளாமல் மே மாதத்தில் கடையில் நின்றபடி மல்டிமீட்டரில் அளந்துவிட்டு, "பத்து காட்டவில்லை, பீஸ் கெட்டுவிட்டது" என்று நல்ல தெர்மிஸ்டரைத் தூக்கி எறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 25 டிகிரி என்பது நமக்கு மார்கழிக் காலையின் கணக்கு.

ஐந்து வோல்ட் இணைப்பிலிருந்து ஒரு ரெசிஸ்டர் வழியாக முதல் காலுக்கு வந்து, அங்கிருந்து தெர்மிஸ்டர் வழியாகத் தரைக்குப் போகும் ஒரு சிறு பாதைதான் மொத்த ஏற்பாடும். நடுவில் நிற்கும் மின்னழுத்தத்தைச் சிப் பார்க்கிறது. உள்ளே வரும் மின்னழுத்தத்தில் 45 சதவீதத்துக்குக் கீழே போனால் சூடு மிகுதி. 80 சதவீதத்துக்கு மேலே போனால் குளிர் மிகுதி. ஐந்து வோல்ட்டில் 2.25, 4 என்று மனத்தில் வைத்துக்கொள்ளலாம். இந்த வரம்புக்கு வெளியே 0.15 விநாடி நின்றால் போதும், சார்ஜ் நின்றுவிடும். செல் ஆறி உள்ளே வந்ததும் தானாகவே தொடரும். சதவீதக் கணக்கு என்பதால் அடாப்டரின் மின்னழுத்தம் சற்றுக் கூடிக் குறைந்தாலும் கணக்குப் பிசகாது. அழகான, எளிமையான அமைப்பு.

ஆனால் இதே சிப்பில் ஒரு பொல்லாத வழியும் இருக்கிறது. முதல் காலை நேராகத் தரையோடு இணைத்துவிட்டால், வெப்பநிலையைக் கவனிக்க வேண்டாம் என்று சிப் எடுத்துக்கொள்ளும். தெர்மிஸ்டர் தேவைப்படாத பயன்பாட்டுக்காகத் தயாரிப்பாளரே வைத்த வசதி அது. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சிறிய சார்ஜர் போர்டுகளில் முதல் கால் தரையோடு இணைந்தேதான் வருகிறது. உங்கள் பழுது பார்ப்பவர் கம்பிகளை முறுக்கியபோது செய்ததும் இதைத்தான். மனம் அறிந்து செய்த தீங்கு அல்ல. கைபேசி பேட்டரியின் மூன்றாவது முனையில் தெர்மிஸ்டருக்குப் பதில் ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை வைத்து, எப்போதும் 25 டிகிரி என்று போனை நம்பவைக்கும் வழக்கமும் இருக்கிறது. வாடிக்கையாளர் அவசரப்படுத்துகிறார், வேலை முடிகிறது. ஆனால் அதன்பிறகு அந்த செல்லைக் காப்பதற்கு யாரும் இல்லை.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. தெர்மிஸ்டரின் கம்பி அறுந்துபோனால் முதல் காலின் மின்னழுத்தம் ஐந்துக்கு ஏறும். 80 சதவீதத்தைத் தாண்டியதால் சார்ஜ் நிற்கும். அது பாதுகாப்பான பழுது. அதே கம்பிகள் தோலுரிந்து ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டால் கால் தரையோடு சேரும். காவல் சத்தமின்றி விலகிவிடும், விளக்குகள் வழக்கம்போல எரியும். ஆகவே இரண்டு கம்பிகளுக்கும் தனித்தனி ஸ்லீவ் போடாமல் விடாதீர்கள்.

சூடு செல்லுக்குள் என்ன செய்கிறது? எதிர்மின் முனையான கிராஃபைட்டின்மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்று இருக்கிறது. செல் சூடாக இருக்கும்போது சார்ஜ் ஏற்றினால் அந்தப் படலம் தடித்துக்கொண்டே போகும். மின்பகு திரவம் சிதைந்து வாயுவாகும். உருளை செல்லின் எஃகுக் கூடு அதை வெளியே காட்டாது. உங்களுடையதுபோன்ற தட்டைப் பை செல் உடனே காட்டிக்கொடுத்துவிடும். அந்த வகையில் உங்களுக்கு நல்லதுதான் நடந்திருக்கிறது. செல் தயாரிப்பாளர்கள் பொதுவாக சார்ஜுக்கு 0 முதல் 45 டிகிரி என்றும், பயன்பாட்டுக்கு 60 டிகிரி வரை என்றும் எல்லை குறிப்பது இதனால்தான். விளக்காக எரியத் தாங்கும் சூட்டில் சார்ஜ் ஏற்றத் தாங்காது. பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உலோகமாகவே படியும். அது குளிர்நாட்டுக்காரர்களின் கவலை.

நமக்கு மேல் எல்லைதான் பிரச்சினை. கத்திரி வெயிலில் வேலூரில் வெளியே நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும். சுற்றிலும் மொட்டைப் பாறைக் குன்றுகள், பெரும்பாலும் மணலாகக் கிடக்கும் பாலாறு. இரவிலும் சூடு எளிதில் இறங்காது. சிமென்ட் ஷீட் போட்ட தறிக் கொட்டகைக்குள் நிலைமை இன்னும் மோசம். சார்ஜ் தொடங்குவதற்கு முன்பே செல் எல்லையை நெருங்கி நிற்கிறது. இதோடு சிப்பின் சூடும் சேர்கிறது. இந்த சிப் மிகுதியான மின்னழுத்தத்தைச் சூடாகவே கழிக்கும் வகை. செல் 3.2 வோல்ட்டில் இருக்கும்போது ஒரு ஆம்பியர் அனுப்பினால் 1.8 வாட் வெப்பம் அந்தச் சிறு சிப்பிலிருந்து வெளியேற வேண்டும். விரல் வைக்க முடியாது.

இந்த இடத்தில்தான் பலர் குழம்புகிறார்கள். சிப்புக்குள்ளேயே வெப்பக் கட்டுப்பாடு இருக்கிறதே, தெர்மிஸ்டர் எதற்கு என்கிறார்கள். அந்தக் கட்டுப்பாடு சிப் தன்னைக் காத்துக்கொள்ள வைத்தது. நூறு டிகிரிக்கும் வெகு மேலே போனபிறகே அது மின்னோட்டத்தைக் குறைக்கும். செல்லின் எல்லையோ 45. சிப்பின் சூடு வேறு, செல்லின் சூடு வேறு. செல்லின்மேலேயே போர்டை இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டியிருந்தால், சிப் தன் எல்லைக்குள் சுகமாக இருந்துகொண்டே செல்லை வாட்டும். உங்கள் விளக்கைத் திறந்து முதலில் இதைப் பாருங்கள். ஒட்டியிருந்தால் பிரித்து, விரற்கடை அளவாவது இடைவெளி விட்டு, போர்டுக்கு அருகே கூட்டில் நான்கு துளை போடுங்கள்.

2022 மார்ச்சில் வேலூர் அல்லாபுரத்தில், வீட்டில் இரவு சார்ஜில் இருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றி, புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்தச் செய்திக்குப் பிறகு என்னிடம் வந்தவர்கள் எல்லாரும் கேட்டது, "பச்சை வந்ததும் எடுத்துவிட்டால் போதுமா?" என்பதுதான். அந்தக் கேள்வி என்னை இன்னும் விடவில்லை. விளக்கு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று விற்பவரும் சொல்லவில்லை, பழுது பார்க்கும் நாமும் சொல்லவில்லை. அந்த ஆண்டு வண்டித் தீவிபத்துகள் பல நடந்தபிறகு, மின்சார இருசக்கர வண்டிகளின் பேட்டரிக்கான ஏ.ஐ.எஸ். 156 தர விதிகள் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலுமாக இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தன. செல்லில் வெப்பம் கட்டுமீறத் தொடங்கினால் ஒலியாலும் ஒளியாலும் முன்கூட்டியே எச்சரிக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. வண்டிக்குச் சட்டம் வந்துவிட்டது. நம் தறி விளக்குக்கு நாம்தான் செய்துகொள்ள வேண்டும்.

அதைச் செய்வது கடினமல்ல. உங்கள் போர்டை மாற்ற வேண்டியதில்லை. முறுக்கிய கம்பிகளைப் பிரித்து, 10 கிலோ ஓம் தெர்மிஸ்டர் ஒன்றை அவற்றில் பற்றவையுங்கள். செல்லையும் அடாப்டரையும் எடுத்துவிட்டு, தெர்மிஸ்டர் பற்றவைப்பதற்கு முன் முதல் காலுக்கும் நான்காவது காலுக்கும் இடையே என்ன ரெசிஸ்டர் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். அந்த மதிப்பில் 82 சதவீதத்துக்குத் தெர்மிஸ்டர் இறங்கும்போது சூட்டுக் காவல் விழித்துக்கொள்ளும் என்பது எளிய கணக்கு. 3950 வகை தெர்மிஸ்டருக்கு 5.6 கிலோ ஓம் இருந்தால் ஏறக்குறைய 44 டிகிரியில் சார்ஜ் நிற்கும். 3435 வகை என்றால் 6.2 கிலோ ஓம் போட்டால் அதே 44. தெர்மிஸ்டருக்கு இணையாக இன்னொரு ரெசிஸ்டர் போடும்படி சிப்பின் குறிப்பேட்டில் (டேட்டாஷீட்) இருக்கும். அது குளிர் எல்லையையும் சூட்டு எல்லையையும் துல்லியமாகப் பொருத்துவதற்கு. அது இல்லாவிட்டால் 5.6 கிலோ ஓமில் குளிர் எல்லை 8 டிகிரி அளவில் நிற்கும். வேலூர் மாவட்டச் சமவெளியில் அதைப் பற்றிக் கவலைப்பட நான் காரணம் காணவில்லை.

முதல் கால் தரையோடு இணைந்து வரும் மலிவுப் போர்டை வைத்திருப்பவர்கள் அந்தக் காலை மட்டும் மெல்லிய பிளேடு முனையால், பற்றை இளக்கியபடி, மேலே தூக்கிவிட வேண்டும். பிறகு அந்தக் காலிலிருந்து நான்காவது காலுக்கு ரெசிஸ்டர், மூன்றாவது காலுக்குத் தெர்மிஸ்டர். மூன்றும் ஒரே வரிசையில் இருப்பதால் கை நடுங்காதவருக்குப் பத்து நிமிட வேலை.

தெர்மிஸ்டரை வைக்கும் இடம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். போர்டின்மேல் வைத்தால் அது சிப்பின் சூட்டைச் சொல்லும். கூட்டின் உட்சுவரில் வைத்தால் வெயிலைச் சொல்லும். செல்லின் அகன்ற பக்கத்தின் நடுவில், மணி முழுவதும் தொடும்படி வைத்து, மஞ்சள் நிற வெப்பம் தாங்கும் டேப்பால் இறுக்கி ஒட்டுங்கள். செல்லின்மேல் வைத்துப் பற்றவைக்காதீர்கள். வெளியே பற்றவைத்துக்கொண்டு வந்து ஒட்டுங்கள்.

ஒட்டுவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. அதை யாரும் தவிர்க்கக் கூடாது. இந்த சிப்புக்குப் போலிகள் ஏராளம். வெளியே ஒரே எண், உள்ளே எல்லாம் ஒன்றுபோல நடப்பதில்லை. நல்ல செல் ஒன்றை இணைத்துச் சிவப்பு எரியும்போது, தெர்மிஸ்டரைச் சிறு பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சூடான டீ கிளாஸில் முக்குங்கள். சில விநாடிகளில் சிவப்பு அணைய வேண்டும். வெளியே எடுத்து ஆறவிட்டால் மீண்டும் எரிய வேண்டும். கடும் மதியத்தில் சோதிக்காதீர்கள், எடுத்தபிறகும் எரியாமல் உங்களைக் குழப்பும். டீயில் முக்கியும் சிவப்பு அணையாவிட்டால் அந்தப் போர்டை நம்பாதீர்கள்.

விளக்குச் சேதியில் இன்னும் ஒரு குறை மிச்சம். இரண்டும் அணைந்திருந்தால் சூடா, மின்வெட்டா, அடாப்டர் பழுதா என்று எப்படித் தெரியும்? பழுது பார்ப்பவர் தவறியதும் இந்த இடத்தில்தான். இதற்கு ஒரு மஞ்சள் எல்.இ.டி. போதும். 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு சேர்த்து, நான்காவது காலுக்கும் தரைக்கும் இடையே நேராக இணைத்துவிடுங்கள். மின்சாரம் வந்தால் மஞ்சள் எரியும், அவ்வளவுதான் அதன் வேலை. மஞ்சள் மட்டும் எரிந்து மற்ற இரண்டும் அணைந்திருந்தால் பெரும்பாலும் செல் சூடாக இருக்கிறது என்று பொருள். மூன்றும் அணைந்திருந்தால் மின்சாரமே வரவில்லை. கூட்டின்மேல் பேனாவால் எழுதி ஒட்டிவிடுங்கள், வீட்டில் இருப்பவர்களும் படிக்கட்டும்.

வேறு சிப்புகள் வேறு விதமாகப் பேசும். மைக்ரோசிப் நிறுவனத்தின் 73831-இல் சார்ஜ் நிலையைச் சொல்லும் நிலைக் கால் ஒரே ஒன்று; தெர்மிஸ்டருக்கு இடமே இல்லை. அதே குடும்பத்தின் 73833-இல் மூன்று நிலைக் கால்கள். மின்சாரம் வந்ததற்குத் தனியாக ஒன்று உண்டு, நாம் மஞ்சளில் செய்ததைச் சிப்பே செய்கிறது. சில சிப்புகள் கோளாறு என்றால் விநாடிக்கு ஒருமுறை மினுக்கும். எதுவானாலும் அதன் குறிப்பேட்டில் ஒரு சிறு அட்டவணை இருக்கும். அதைப் பார்த்தபிறகு பழுது என்று சொல்லலாம்.

புதிய செல் வாங்கும்போது அதன் கொள்ளளவைப் பார்த்து மின்னோட்டத்தைக் குறைத்துவிடுங்கள். இரண்டாவது காலில் இருக்கும் ரெசிஸ்டர் 1.2 கிலோ ஓம் என்றால் ஒரு ஆம்பியர். 2 கிலோ ஓம் என்றால் 580 மில்லி ஆம்பியர். 3 கிலோ ஓம் என்றால் 400. உங்கள் செல் 2000 மில்லி ஆம்பியர் மணி அளவுடையது என்றால் 400 போதும். சிப்பின் சூடும் பாதிக்குமேல் குறைந்துவிடும். இரும்பு பாஸ்பேட் செல் பாதுகாப்பானது என்று யாராவது கொடுத்தால் இந்தப் போர்டில் மாட்டாதீர்கள். அதன் எல்லை 3.65 வோல்ட், இது 4.2 வரை ஏற்றிவிடும்.

கடைசியாக, மே மாதத்து மதியம். இவ்வளவும் செய்தபிறகும் பகல் இரண்டு மணிக்கு மஞ்சள் மட்டும் எரியத்தான் போகிறது, எரியட்டும். எல்லையை 50 ஆக்கித் தரும்படி யாரிடமும் கேட்காதீர்கள். காலை ஐந்து மணிக்குத் தறிக்கு வரும்போது சார்ஜில் போடுங்கள். நீங்கள் விழித்திருக்கும் நேரம், கொட்டகை ஆறியிருக்கும் நேரம். 400 மில்லி ஆம்பியரில் முழுவதும் தீர்ந்த செல்லுக்குக்கூட ஐந்தாறு மணி நேரம் ஆகும். ஷீட் கொதிக்கத் தொடங்குவதற்குள் பச்சை வந்துவிடும்.